வானவில் மீனா, வடைக் காக்காவா?

இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், பீற்றிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே கதையில் பிள்ளைக்குச் சொல்லிவிட இப்போது பலர் எடுப்பது 'வானவில் மீன்'. சுவிட்சர்லாந்துக்காரரான மார்கஸ் ஃபிஸ்டர் எழுதி வரைந்து 1992இல் வந்த புத்தகம். பக்கத்தைத் திருப்பினால் செதில்கள் நிஜமாகவே ஜிகினாவாக மின்னும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்குப் போட்டி, பாட்டி வடை சுட்ட கதைதான்.

மீன் கதையில், சின்ன நீல மீன் வந்து ஒரு செதில் கேட்கிறது. வானவில் மீன் விரட்டிவிடுகிறது. அப்புறம் எல்லா மீன்களும் அதை ஒதுக்கிவிடுகின்றன. ஆக்டோபஸ் சொன்ன யோசனைப்படி ஆளுக்கொரு செதிலாகக் கொடுத்துத் தனக்கு ஒன்றே ஒன்று மிஞ்சிய பிறகுதான் விளையாடத் துணை கிடைக்கிறது. கொடுப்பதில் சந்தோஷம் உண்டு என்பதைச் சின்னக் குழந்தைக்கும் விளங்கும்படி காட்டுகிறது, சரி. ஆனால் செதில் அந்த மீனின் உடம்பு, பிறவியிலேயே வந்த அழகு. அது செய்த தப்பு, நீல மீனை விரட்டியது. அதற்கு மன்னிப்புக் கேட்டால் போதாதா? அழகாக இருந்ததற்கு எதற்கு அபராதம்? கேட்டதைக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பிள்ளை மனதில் வாங்கிக்கொண்டால், அது பள்ளிக்கூடத்தில் கேட்டவருக்குப் பென்சிலைக் கொடுப்பதோடு நிற்காது.

வடைக் கதையில் தண்டனை அளவோடு இருக்கிறது. நரி புகழ்ந்ததும் காக்கா வாயைத் திறக்கிறது, வடை போகிறது. அதுவும் திருடிய வடை. வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு காக்கா பாடிக்காட்டும் முடிவு எனக்கு இன்னும் பிடிக்கும். பாட்டும் போகவில்லை, வடையும் போகவில்லை. ஒரே குறை, இந்தக் கதையில் பகிர்தல் என்பதே கிடையாது. அதற்கு மதியம் மதில்மேல் சோறு வைத்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். வந்த காக்கா கரைந்து மற்றதையும் கூப்பிடும். 527ஆம் குறளில் வள்ளுவர் எடுத்துக்காட்டுவதும் இதைத்தான்.

மயிலிறகைச் செருகிக்கொண்ட காக்கா கதையை நான் சொல்வதில்லை. 'உன் இடத்தில் இரு' என்ற அதட்டல்தான் அதில் மிச்சம்.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை ஊர்களில் பிள்ளைகள் சப்பரம் இழுத்து வருவதைப் பாருங்கள். சின்ன மரச்சட்டத்தில் வண்ணக் காகிதம், ஜிகினா, உள்ளே சாமி படம். 'என் சப்பரம்தான் பெரிசு' என்ற பெருமை எல்லோருக்கும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கொஞ்ச தூரம் இழுக்கட்டும் என்று கயிற்றைக் கொடுக்கச் சொல்வோம். ஜிகினாவைப் பிய்த்துக் கொடு என்று யாராவது சொல்வோமா?

அதனால் முதலில் வடைக் கதை, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மீன் கதை. ஆக்டோபஸ் யோசனை சொல்லும் இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு, 'நீயாக இருந்தால் அந்த நீல மீனிடம் போய் என்ன சொல்வாய்?' என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகு மீதியைப் படிக்கலாம்.