பில்லில் புது சீல், உள்ளே பழைய சீல்: ஃபைனல் டிரைவ் வேலைக்கு வண்டி விடுற ஓனர்கள் கவனத்துக்கு

பல்லடம், க.பரமத்தி, மதுக்கரை பக்கம் குவாரியில் செயின் வண்டி (பொக்லைன் எக்ஸ்கவேட்டர்) ஓட்டுறவங்க இதை ஒரு தடவை முழுசாப் படிச்சிருங்க. செயினைச் சுத்த வைக்கிற கியர் பெட்டிதான் ஃபைனல் டிரைவ். எங்களை ஏமாத்தின பட்டறையோட பேரு, ஊரு எதுவும் எழுதலை. அங்க என்ன வேலை நடந்துச்சு, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் நமக்கு வேணும்.

எங்க 20 டன் வண்டிக்கு இடது ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கிற பல்சக்கரம்) உள்பக்கம் கியர் ஆயில் கசிஞ்சுது. பட்டறையில் விட்டோம். மூணு நாள் கழிச்சு வந்த பில்லுல ரெண்டு பக்கமும் புது ஃப்ளோட்டிங் சீல் (ஆயில் வெளிய வராம தடுக்கிறது) செட், 90 கியர் ஆயில் 12 லிட்டர், கூலி, எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். குவாரியில் 140 மணி நேரம்தான் ஓடுச்சு. அதே இடது பக்கம் மறுபடி கசிவு, வண்டியைத் திருப்பும்போது உள்ளே கடகடன்னு சத்தம்.

வேற இடத்துல கவரைக் கழட்டினப்போ சங்கதி வெளிய வந்துச்சு. வலது பக்கம் ட்ரெயின் பிளக்கு (ஆயிலை இறக்கத் திறக்கிற பிளக்) மேல இருந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தா, பிளக்குக்கும் கவருக்கும் நடுவில் பழைய பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாம ஒட்டியிருக்கு. அந்தப் பிளக்கை யாரும் திறக்கவே இல்லை. ஆயில் மாத்தினதா எழுதின பில் மட்டும் கையில் இருக்கு.

இடது பக்கம் அதைவிட மோசம். ஃப்ளோட்டிங் சீல்னா ரெண்டு இரும்பு வளையம், அதைப் பின்னாலிருந்து அழுத்துற ரெண்டு ரப்பர் ஓ-ரிங். ரெண்டு வளையமும் முகத்தோடு முகம் உரசுற இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை தெரியும். புது சீலில் அந்தப் பட்டை மெல்லிசா, வளையத்தோட வெளி ஓரத்தில் இருக்கும். தேயத் தேய உள் ஓரத்தைப் பார்த்து நகரும். உள் விளிம்புக்கு வந்துட்டா வளையத்தோட ஆயுசு முடிஞ்சுது. எங்க வளையத்தில் பட்டை உள் விளிம்பிலேயே இருந்துச்சு. 140 மணி நேரத்தில் அவ்வளவு தூரம் நகர வாய்ப்பே இல்லைங்க. பழைய வளையத்துக்கே புது ரப்பரைப் போட்டு, அதுமேல அனபாண்ட் பசையும் பூசியிருக்காங்க. ஓ-ரிங் காஞ்சு சுத்தமா இருந்தாத்தான் வளையத்தைப் பிடிக்கும். பசையோ எண்ணெயோ பட்டா வழுக்கும், வளையம் உட்கார்ந்த இடத்திலேயே சுத்தும், கசிவு திரும்ப வரும். எண்ணெய் தொட்டு வைக்க வேண்டியது இரும்பு முகத்துக்கு மட்டும், அதுவும் மெல்லிசா. வளையத்தை அதுக்குண்டான டூலை வெச்சு நாலு பக்கமும் ஒரே சமமா அழுத்தி உட்கார வைக்கணும். சுத்தியல்ல தட்டினா கோணிக்கும். ஒரு பழைய வளையத்தை ஒரு புது வளையத்தோட ஜோடி சேர்க்கவும் கூடாது.

சத்தம் வந்ததுக்குக் காரணம் ஆயில் குறைஞ்சது. கியரெல்லாம் இருக்கிற கூடான ஹப்புல ஆயில் பாதி உயரத்துக்குத்தான் நிக்கும். கீழே வர்ற பிளானட் கியர் (நடு கியரைச் சுத்தி ஓடுற சின்ன கியர்) ஆயிலில் முங்கி எழுந்து மேல போகும்போது அதோட நீடில் பேரிங்குக்கும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். மட்டம் இறங்கிட்டா முதல்ல அந்தப் பேரிங்தான் காயும். ஒரு பேரிங் உடைஞ்சு தூள் சுத்த ஆரம்பிச்சா மிச்ச கியர் எல்லாத்தையும் அது அரைச்சிரும்.

இன்னொரு ஏமாத்து வேலையும் நடக்குது. வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னு சொன்னவுடனே 'ட்ராவல் மோட்டார் (செயினை ஓட்டுற ஹைட்ராலிக் மோட்டார்) போச்சு, ரீகண்டிஷன் மோட்டார் இருக்கு'ன்னு பேசுவாங்க. உடனே தலையாட்டாதீங்க. இஞ்சினை நிறுத்தி, சாவி ஆன்ல வெச்சு லிவரையெல்லாம் ஆட்டி, டேங்க் பிரஷரையும் இறக்கிட்டு, சென்டர் ஜாயின்ட்டுக்கு (மேல்பாகம் சுத்தினாலும் ஆயிலைக் கீழ கடத்துற இணைப்பு) கீழ மோட்டாருக்குப் போற ஹோஸை இடதையும் வலதையும் மாத்திப் பூட்டச் சொல்லுங்க. கோளாறு அடுத்த பக்கத்துக்குத் தாவினா மோட்டார் மேல தப்பில்லை. சென்டர் ஜாயின்ட் சீல், கன்ட்ரோல் வால்வு, பம்பு இதுல எங்கயோ இருக்கு. அதே பக்கம் நின்னா மட்டும் மோட்டாரையும் கியரையும் பாருங்க. சென்டர் ஜாயின்ட் சீல் போனதுக்கு மோட்டார் மாத்தினா லட்சக்கணக்கில் செலவாகும், வண்டி முன்ன மாதிரியேதான் இழுக்கும்.

கேஸ் ட்ரெயின் லைனைப் பெரும்பாலான ஓனர்கள் கண்டுக்கிறதே இல்லை. மோட்டாருக்குள்ள கசியுற ஹைட்ராலிக் ஆயில் டேங்குக்குத் திரும்பிப் போற மெல்லிய லைன் அது. சில வண்டியில் அதுக்குத் தனி ஃபில்டர் இருக்கு. அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீலைத் தள்ளிரும், ஹைட்ராலிக் ஆயில் கியர் ஹப்புக்குள்ள இறங்கும். லெவல் பிளக்கை (ஆயில் மட்டம் பார்க்கிற பிளக்) திறந்ததும் மட்டத்துக்கு மேல நீர்த்த ஆயில் கொட்டினா விஷயம் இதுதான். வெறும் ஃப்ளோட்டிங் சீல் மட்டும் மாத்தி அனுப்பினாங்கன்னா ஒரு மாசத்துல அதுவும் பிதுங்கி வெளிய வந்துரும். அடைப்பை எடுத்து, ஷாஃப்ட் சீலையும் மாத்தணும்.

ஆயில் பார்க்கிறது ஓனரே செய்யக்கூடிய வேலைதான். 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டம் பாருங்க. புது வண்டிக்கோ, கியர் பிரிச்சுப் பூட்டின வண்டிக்கோ முதல் 250லேயே ஆயில் மாத்தணும். அப்புறம் வண்டியைப் பொறுத்து 1000 அல்லது 2000 மணி நேரம். சமதளத்தில் மெதுவா நகர்த்தி, ட்ரெயின் பிளக் கடிகாரத்தில் 6 மணி இருக்கிற இடத்துக்கு வர்ற மாதிரி நிறுத்துங்க. ஆறவிட்டு, முகத்தை நேரா நீட்டாம ஒதுங்கி நின்னு, பிளக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இளக்கணும். உள்ளே அழுத்தம் இருந்தா சூடான ஆயில் பீய்ச்சும். லெவல் ஓட்டையிலிருந்து லேசா வழியுற வரைக்கும்தான் ஊத்தணும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவுங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், ஏறத்தாழ 3 லிட்டரிலிருந்து 8 லிட்டர் வரைக்கும். எல்லா வண்டிக்கும் 90 ஆயில்னு அடிச்சு விடுறதும் தப்பு. கொமாட்சுவில் பல மாடலுக்கு டிஓ-30 வகை ஆயில் கேட்பாங்க. மேனுவலைப் பாருங்க.

இறக்கின ஆயிலை வெள்ளைத் துணியில் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளி மாதிரி நைசான பூச்சு இருந்தா சாதாரணத் தேய்மானம். விரல்ல நெருடுற செதில் இருந்தா ஓட்டாதீங்க, பிரிச்சுப் பாருங்க. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு. கீழ்பவானி வாய்க்கால் சேத்திலயோ, உடுமலைப் பக்கம் கரிசல்லயோ வேலை பார்த்த வண்டின்னா, சாயங்காலமே ஸ்பிராக்கெட் இடுக்கில் ஒட்டின மண்ணை மண்வெட்டியால் எடுத்துருங்க. காஞ்சு இறுகின மண்ணுதான் சீலைத் தள்ளுது. வாட்டர் சர்வீஸ் பண்றப்ப தண்ணி பீய்ச்சுற கன்னை நேரா சீல் இடுக்குக்குப் பிடிக்க விடாதீங்க. செயினை விறைப்பா டைட் வைக்கிறதும் ஹப் பேரிங்கைத் தின்னும்.

அடுத்த தடவை வண்டி விடும்போது, பட்டறைக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பிளக்குலயும் கவர் மேல நீளுற மாதிரி பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, ஹவர் மீட்டரோட சேர்த்து போட்டோ எடுத்து வையுங்க. புது சீல் டப்பாவை நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்க வேலைன்னா கழட்டின பழைய 4 இரும்பு வளையமும் 4 ஓ-ரிங்கும் நம்ம கைக்கு வரணும். வந்ததும் வளையத்தை வெயில்ல திருப்பி, பட்டை எங்க இருக்குன்னு பாருங்க. பணம் அதுக்கு அப்புறம் குடுங்க.