பழைய சோடா கெக்கில் வீட்டு பீர்: எவர்சில்வர் நிற்கிறது, ரப்பர்தான் காலை வாருகிறது

பாட்டில் கழுவிக் கழுவி வெறுத்துப்போய்த்தான் இதை வாங்கினேன். ஒரு தடவை காய்ச்சினால் எனக்கு 19 லிட்டர் பீர் வரும். அதை 330 மில்லி பாட்டிலில் அடைத்தால் 57 பாட்டில். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, சர்க்கரை போட்டு, மூடியை அழுத்தி, அப்புறம் எது எப்போது வெடிக்குமோ என்று இரண்டு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் மூன்று சோடா கெக், கூடவே மேல்பக்கம் வெட்டிய ஒரு பெரிய பீர் கெக், எல்லாமே பயன்படுத்தியவை, சேர்த்து வாங்கினேன். ஆறு தடவை காய்ச்சிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் சோடா கெக். குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் கடைகளுக்கு சிரப் அனுப்பிய உருளை இது, கார்னி கெக் என்பார்கள். 19 லிட்டர் பிடிக்கும், மேலே முட்டை வடிவ மூடி, கை உள்ளே போகிற அளவு வாய். இதில் பால் லாக், பின் லாக் என்று இரண்டு வகை உண்டு (கறக்கிற பால் இல்லை, குண்டு). நான் வாங்கியது பால் லாக். இதற்குத்தான் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிறது, மூடியிலேயே கையால் இழுத்து அழுத்தம் விடும் வால்வும் இருக்கிறது. பழைய பின் லாக் மூடிகள் பலவற்றில் அது கிடையாது.

'சுத்தம் செய்து, அழுத்தம் சோதித்து அனுப்புகிறோம்' என்று விற்றவர் சொல்லியிருந்தார். வந்ததும் வால்வை இழுத்துப் பார்த்தேன். இரண்டு கெக் 'புஸ்' என்றன, சரி, உள்ளே அழுத்தம் நின்றிருக்கிறது. மூன்றாவது வாயே திறக்கவில்லை. மூடியைத் திறந்தால் ஆரஞ்சு சோடா வாசனை மூக்கில் அடித்தது. சோதித்தார்களாம்! எவர்சில்வரில் வாசனை தங்காது, ரப்பர் வளையத்தில் தங்கும். ஒரு கெக்குக்கு ஐந்து வளையம்: மூடிக்குப் பெரியது ஒன்று, இரண்டு போஸ்டுக்கும் (வாயு உள்ளே போகவும் பீர் வெளியே வரவும் மேலே இருக்கும் முனைகள்) ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. இந்த ஐந்தையும் மாற்றாமல் பழைய கெக்கில் பீர் ஊற்றாதீர்கள். நான் சோம்பேறித்தனத்தில் ஒன்றில் மட்டும் பழசையே விட்டுவைத்தேன். ராத்திரி கரியமில வாயு சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கி எழுந்தால், சிலிண்டர் காலி. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கசிவு தெரிந்திருக்கும். வாயு வீணானதை விடுங்கள், அது மூடிய சின்ன அறையாக இருந்திருந்தால் மூச்சுக்கே ஆபத்து.

மூடி விஷயத்தில் குக்கர் கேஸ்கெட் அனுபவம் உள்ளவர்களுக்குச் சிரமம் இருக்காது. வளையத்தில் உணவுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, மூடியைப் பூட்டி, முதலில் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) கொடுத்தால் அழுத்தமே மூடியை உள்ளிருந்து இறுக்கிவிடும். அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வாயு போஸ்டின் அடியில் அறுகோணத்தில் சின்ன வெட்டு இருக்கும், பீர் போஸ்டில் இருக்காது. இதைக் கவனிக்காமல் கனெக்டரை மாற்றி அழுத்திவிட்டு, பிடுங்க முடியாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

இதே கெக்கிலேயே நொதிக்கவும் வைக்கிறேன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விளிம்பு வரை நிரப்பக் கூடாது, 15 லிட்டரோடு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நுரை மேலேறி வாயுக் குழாயை அடைக்கும். அந்தக் குழாயை இரண்டு சென்டிமீட்டர் அறுத்துக் குட்டையாக்கினேன். பீர் குழாய் அடியைத் தொடுவதால் ஈஸ்ட் மண்டியை அப்படியே உறிஞ்சியது. அதைக் கழற்றிவிட்டு மிதவை வைத்த சிலிகான் குழாய் போட்ட பிறகு மேலிருந்து தெளிந்த பீர் வருகிறது. வாயு வெளியேற, ஒரு கனெக்டர், 'T' வடிவ இணைப்பு, அழுத்தமானி, திருகி அளவு வைக்கும் வால்வு இவற்றைச் சேர்த்து நானே ஒன்று செய்தேன். 12 பிஎஸ்ஐயில் வைத்தால் ஈஸ்ட் விடும் வாயுவே பீரில் கரைந்து பாதி வேலையை முடித்துவிடுகிறது. மீதிக்கு 4 டிகிரி குளிரில் அதே 12 பிஎஸ்ஐ, ஒரு வாரம் பத்து நாள். ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும், நாக்குக்கு அதுவே சரியான சுறுசுறுப்பு.

முதல் கிளாஸ் முழுக்க நுரைதான் வந்தது, கெக்கைத் திட்டினேன். தப்பு கெக்கின் மேல் இல்லை, ஒரு மீட்டர் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் மூன்று மீட்டராவது வேண்டும், அந்த நீளம்தான் வேகத்தைக் குறைக்கிறது.

கழுவ பிளீச் வேண்டாம், குளோரின் எவர்சில்வரைப் பொத்தல் போடும். சோடியம் பெர்கார்பனேட்டை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் போதும்.

பெரிய கெக் 58 லிட்டர், காய்ச்சும் அண்டாவாக. 40 லிட்டர் வோர்ட்டை (நொதித்து பீராகும் முன் இருக்கும் மால்ட் சாறு) பொங்காமல் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க இதைவிட உறுதியான பாத்திரம் நான் பார்க்கவில்லை. வெட்டிய விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி இருந்தது, அரம் போட்டுத் தேய்த்தேன். நீங்களே வெட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். அழுத்தம் முழுக்கப் போனதா என்று பார்க்காமல் நடுக்குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றாதீர்கள், அந்தக் குழாய் ஈட்டி மாதிரி பாய்ந்து ஆளைக் கொன்றிருக்கிறது. அப்புறம், கடையில் டெபாசிட் கட்டி எடுத்துவந்த கெக் உங்களுடையது ஆகாது, அது பீர் கம்பெனியின் சொத்து. கம்பெனி கழித்துவிட்டதை முறையாக விற்கிறவரிடமே வாங்குங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த ஒன்று குறைந்தது ஆரஞ்சு கெக்கால். ஐந்து வளையமும் மாற்றியும் அது அழுத்தம் பிடிக்கவில்லை, வாய் விளிம்பில் சின்ன நசுங்கல். விற்றவருக்குப் படம் அனுப்பினேன். கெக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றவர், நான்கு நாளில் தடிமனான மெத்து வளையம் ஒன்றை இலவசமாக அனுப்பினார். மூடியை அரைச்சுற்று திருப்பிப் போட்டு, அந்த வளையத்தோடு இப்போது மூன்று வாரமாக அழுத்தமானி முள் அசையவில்லை.