அஞ்சு ரோடு டிவிடி கடையில் எடுத்த ‘போரட்’

சேலம் அஞ்சு ரோடு பக்கம் இன்னும் டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு நாளுக்கு 30 ரூபாய். நான் புவியியல் ஆசிரியர் என்று தெரிந்ததும், “சார், இதை நீங்க அவசியம் பாக்கணும்” என்று கடைக்காரர் எடுத்துத் தந்தது 2006-இல் வந்த ‘போரட்’. கஜகஸ்தான் நிருபராக வேடமிட்டு அமெரிக்காவைச் சுற்றுகிறார் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் சாஷா பேரன் கோஹன்.

ரோடியோ (குதிரை, காளை அடக்கும் அமெரிக்க விளையாட்டு) காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அதை எடுத்த ஊரின் பெயரும் சேலம்தான், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது! ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘உங்கள் பயங்கரவாதப் போர்’ என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அமெரிக்க தேசிய கீத மெட்டில் கஜகஸ்தானை உயர்த்திப் பாடிய பிறகுதான் கூச்சல் கிளம்புகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கஜகஸ்தான் உலகின் ஒன்பதாவது பெரிய நாடு. ஆனால் கஜக் மொழி என்று படத்தில் கோஹன் பேசுவது பெரும்பாலும் ஹீப்ரு. எதிரே இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வரைபடத்தை ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று நான் வகுப்பில் தொண்டை வற்றக் கத்துவது இதற்குத்தான்.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. கஜக் கிராமம் என்று காட்டுவது ருமேனியாவின் க்ளோட். தங்களை ஏமாற்றிப் படமெடுத்ததாக அந்த ஏழை மக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

தட்டில் கீறல் இல்லை, படம் தெளிவு. தமிழ் வசன வரிகள் கிடையாது. அப்புறம், பிள்ளைகள் தூங்கியபிறகு போடுங்கள்.