அறுகம்குடாப் பக்கம் டென்ட் போட: வயது பார்க்கும் இடமா, நடத்தை பார்க்கும் இடமா?

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை தொடங்கினால் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பொத்துவிலை நோக்கி வான்கள் போகத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்கள். மழைப் பயம் இல்லை. ஹோட்டல் அறை கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கும், அறைக்குள் அடைந்து கிடக்க விரும்பாத இளைஞர்களுக்கும் பொத்துவிலை அடுத்த, அலைச்சறுக்குக்குப் பெயர்போன அறுகம்குடாவிலிருந்து பாணமை வரை தனியார் காணிகளில் போட்டிருக்கும் டென்ட்டுகள் நல்ல வசதி. ஆனால் தொலைபேசியில் இடம் கேட்டால் விலைக்கு முன்பே வேறு கேள்விகள் வரும். "எத்தனை பேர்? ஃபெமிலியா, பொடியன்மாரா? சின்னப் பிள்ளைகள் இருக்கா?"

இந்தக் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான் இடம் உண்டா இல்லையா என்று முடிவாகும். சில இடங்களில் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் அனுமதி இல்லை. சில இடங்களில் குடும்பமாக வந்தால் மட்டும் இடம். வேறு சில இடங்களில் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆனால் எப்படி நடக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு. இதற்கு வெளியே, பாணமைக்கு அப்பால் குமண தேசியப் பூங்காவுக்குள் அரசாங்கத்தின் கூடாரத் தளங்கள். நான் மூன்றாவது வகையின் பக்கம். மற்றவற்றுக்கும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையில் 18 வயதானவர் சட்டப்படி பெரியவர். தன் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம், டென்ட் பதிவு செய்யலாம். ஆனால் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது ஆகாதவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நண்பர்களோடு கிளம்பும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த 18க்கும் 21க்கும் இடைப்பட்டவர்கள். அவர்கள் தங்கலாம், ஆனால் அவர்களுக்கு மது விற்கக் கூடாது. 18 வயது ஆனவர் எல்லாருக்கும் எல்லாமும் சரி என்று நினைக்கும் இடம் இங்கேயே தவறிவிடுகிறது. சத்தத்துக்கும் சட்டம் உண்டு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் பணித்தது. அதனால் "பத்து மணிக்குப் பிறகு பாட்டு இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதை அவருடைய பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

18 வயதுக்கு மேல் மட்டும்

இதை அதிகம் கேட்பது அலைச்சறுக்குக்காக வருபவர்களை நம்பி நடக்கும் இடங்களில். காரணம் புரியக்கூடியதுதான். அறுகம்குடாவின் பெரிய அலை வரும் மெயின் பொயின்ட்டில் அலை பாறைத் தரைக்கு மேல் உடைகிறது, சின்னப் பிள்ளைகள் இறங்கும் கடல் அல்ல. அங்கே தங்குபவர்கள் விடியுமுன் எழும்பிக் கடலுக்குப் போகிறவர்கள், அதற்காக நேரத்தோடு படுப்பவர்கள். நடுச்சாமத்தில் பக்கத்து டென்ட்டில் குழந்தை அழுதால் அவர்களுக்குத் தொல்லை, அந்தத் தாய்க்கும் சங்கடம். இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்றுதான் பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்.

அப்படியிருந்தும் எனக்கு இந்த விதி முழுதாக ஒத்துவரவில்லை. பிள்ளைகளை நிறுத்திவிட்டால் இடம் அமைதியாகிவிடும் என்று அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஸ்பீக்கரைக் கூட்டி வைப்பது எட்டு வயதுப் பிள்ளையா? பெரியவர்கள் மட்டும் என்று போட்டுவிட்டு வேறு விதி எதுவும் வைக்காத இடத்தில்தான் சாராயமும் சத்தமும் அதிகம். இன்னொரு பக்கம், அலைச்சறுக்குப் பழகும் பதினாறு வயது மகளோடு வரும் பெற்றோருக்கு அங்கே கதவு மூடிக் கிடக்கிறது. அறுகம்குடாவில் உள்ளூர்ப் பெண்கள் 2018 இல் தங்களுக்கென்று ஒரு சேர்ஃப் (அலைச்சறுக்கு) கழகம் தொடங்கினார்கள். நாட்டிலேயே பெண்களுக்கான முதல் சேர்ஃப் கழகம் அது. அதைப் பார்த்துவிட்டுத் தானும் பழக வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, பேபி பொயின்ட் போன்ற சின்ன அலை உள்ள இடத்தின் அருகே தாய் தகப்பனோடு தங்க ஓரிடம் வேண்டும்.

அமெரிக்காவில் வயது விதி இன்னும் கடுமை. கேரவன் வண்டிகள் நிறுத்தும் தனியார் பூங்காக்களில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியவை நிறைய உண்டு. சில இடங்களில் வண்டிக்கே வயது பார்த்து, பத்து வருடத்துக்கு மேல் பழையதென்றால் உள்ளே விடமாட்டார்கள். அதே நாட்டில் 1988 முதல், பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்பதற்காக வீடு கொடுக்க மறுக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. முதியோர் குடியிருப்புக்கு விலக்கு வேண்டுமென்றால், எல்லாரும் 62 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் நூற்றுக்கு எண்பது வீடுகளிலாவது 55 வயதானவர் ஒருவர் வசிக்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வாழ்பவர்களுக்கு அப்படி ஒரு ஒதுக்கீடு பொருந்தலாம். இரண்டு இரவு தங்கப் போகும் நமக்கு அதிலிருந்து எடுக்க அதிகம் இல்லை.

குடும்பம் மட்டும்

நம் ஊர்ச் சனத்துக்கு அதிகம் பிடித்தது இதுதான். பிடிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. காத்தான்குடியிலிருந்தோ சம்மாந்துறையிலிருந்தோ உம்மா, மாமி, மருமகள் என்று பெண்கள் அதிகமாக வரும் குடும்பத்துக்கு, மறைப்புள்ள குளியல் இடமும், தெரியாத ஆண்கள் குறுக்கே நடக்காத முற்றமும், ஹலால் சமையலும் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். திருக்கோவிலிலிருந்து அம்மம்மாவைக் கூட்டிவரும் குடும்பத்துக்கும் அதே கதைதான். மது இல்லை என்று எழுதியே போடும் இடங்கள் இந்த வகையில்தான் அதிகம். பெண்கள் தைரியமாக இரவில் டொய்லெட்டுக்கு எழும்பிப் போக முடிகிறதா என்பதை ஒரு அளவாக வைத்தால் இந்த வகைக்கே முதலிடம்.

ஆனால் உள்ளே போனபின் இரண்டு விஷயம் என் மனதை உறுத்துகிறது.

ஒன்று, குடும்ப இடம் என்றதும் பெற்றோர் காட்டும் அசட்டை. எல்லாரும் நம்மைப் போல ஆட்கள்தானே என்று பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்கும் பிள்ளைகள் டோர்ச் அடித்துக்கொண்டு களப்பு ஓரம் ஓடுகின்றன. பொத்துவில் களப்பில் முதலை உண்டு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது. லகுகலைப் பக்கத்திலிருந்தும் பாணமை வீதியோரமும் பொழுதுபட்டால் யானை இறங்கும். குடும்பம் மட்டும் என்ற விதி வாசலில் ஆளைத் தெரிவு செய்கிறதே தவிர, உள்ளே பிள்ளை யார் கண்ணில் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

மற்றது, மரியாதை சம்பந்தப்பட்டது. குடும்பமாக வந்தவரும் வானுக்குள் வைத்துக் குடித்துவிட்டு வந்து சத்தம் போடலாம். அப்போது அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் யார்? இரவுக் காவலுக்கு நிற்கும் இருபது வயது வோச்சர் தம்பி. ஐம்பது வயதுக்காரரை, அதுவும் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால், எப்படிக் கண்டிப்பது என்று அந்தத் தம்பி தயங்குவான். நம் பழக்கத்தில் வயதில் மூத்தவருக்கு முகத்துக்கு நேரே சொல்வது லேசான காரியமில்லை. விதி வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் தம்பி தோற்றுவிடுவான். எழுதி மாட்டியிருந்தால் அவனுக்கு ஒரு பிடி கிடைக்கும்: "நான் சொல்றதில்ல அண்ணன், போர்டுல இருக்குது. முதலாளி எனக்குத்தான் ஏசுவார்." இந்த ஒரு வசனம் எத்தனையோ சண்டையை நிறுத்தும்.

இளைஞர்களை மொத்தமாக மறுப்பதும் நியாயமாகத் தெரியவில்லை. நான்கு பொடியன்மார் என்றாலே பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜோடியாக வருபவர்களிடம் திருமணச் சான்றிதழ் கேட்பதும் உண்டு. காணி அவருடையது, மறுக்கலாம்தான். ஆனால் மறுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பப் போவதில்லை. வெளிச்சமும் இல்லாமல், யார் வந்தார் போனார் என்ற கணக்கும் இல்லாமல், எங்கேயாவது வெறும் கடற்கரையில் படுப்பார்கள். அவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

வயது எதுவாகவும் இருக்கலாம், நடத்தை இப்படி

இந்த வகை இடங்களில் வயது ஒரே இடத்தில்தான் வரும்: 18க்குக் கீழ் உள்ளவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுத வேண்டும். மீதி எல்லாம் நடத்தை. பத்து மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும். நெருப்பு குழிக்குள் மட்டும், அதுவும் வோச்சர் நிற்கும்போது மட்டும். மிஞ்சிய சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது, வாசனைக்கு யானை வரும். கடற்கரையை நோக்கி இரவில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, ஆமை கரையேறி முட்டையிடும் கரை இது. வெளி ஆட்கள் பொழுதுபட்டபின் தங்க முடியாது. மதுவை அனுமதித்தால் 21 வயது ஆனவர்களுக்கு மட்டும், அவர்களின் டென்ட் முற்றத்தோடு சரி. இதை மீறினால் முற்பணத்தோடு வாங்கிய வைப்புப் பணம் திரும்ப வராது.

பெயர்ப் பதிவை நான் ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன் என்றால், இது 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரை. நாட்டில் அன்று அதிகம் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். கடலோரம் சனத்தைத் தூங்க வைப்பவரிடம் இன்றிரவு எந்த டென்ட்டில் யார், எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியலும், ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம் மேட்டுநிலம் என்ற பதிலும் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் கரையில் எனக்கு இதைவிடப் பெரிய விதி இல்லை.

வயது பார்க்காமல் ஒழுங்கு வருமா என்று சந்தேகப்படுபவர்கள் கதிர்காமப் பாத யாத்திரையை நினைத்துப் பார்க்கலாம். ஆடிவேல் திருவிழாவுக்கு உகந்தைமலையில் கூடி, குமண காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றங்கரையில் மரத்தடியில் படுத்துப் போகும் அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையும் உண்டு, எழுபது வயதுப் பாட்டியும் உண்டு, கல்லூரிப் பொடியன்களும் உண்டு. மதுவும் மாமிசமும் இல்லை என்பது எல்லாருக்கும் பொது. ஒருவருக்கொருவர் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்தி அங்கே பெரிய காவல், உண்மைதான். அதோடு, என்ன செய்யலாம் என்ன கூடாது என்பது புறப்படுமுன்பே ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. பணம் கட்டி வரும் டென்ட் காணிக்கும் அந்த இரண்டாவது பாதியைக் கொண்டுவர முடியும்.

இந்த வகையின் குறை, முழுக்க முழுக்க ஒரு ஆளை நம்பியிருப்பது. இரவில் விழித்திருக்கும் வோச்சர் இல்லையென்றால் விதிப் பலகை வெறும் பலகைதான். முதலாளி கொழும்பில், காணி ஒரு மனேஜர் கையில், மனேஜர் சாயங்காலத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார் என்றால் அந்த இடத்தைவிடக் குடும்ப இடமே மேல். விதி நன்றாக எழுதியிருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

குமண பூங்காவும் பாசிக்குடாவும்

குமண தேசியப் பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கூடாரத் தளங்களில் முதலாளியோடு பேரம் பேச எதுவும் இல்லை. முன்கூட்டி அனுமதி எடுக்க வேண்டும், வாசல் நேரம் காலை ஆறிலிருந்து மாலை ஆறு, நாய் பூனை கொண்டுபோக முடியாது. காட்டை நேசிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு இதைப்போல ஒன்று கிடைக்காது. நடக்கப் பழகும் குழந்தையோடு போக வேண்டாம்.

மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடாவில் ஹோட்டல்கள்தான் அதிகம், டென்ட் குறைவு. ஆனால் வெகுதூரம் வரை ஆழமில்லாத கடல் என்பதால் பிள்ளைகளைக் குளிக்க வைக்க அறுகம்குடாவைவிட நல்லது. பத்து வயதுக்குக் கீழ் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் கூடார ஆசையை இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிவைத்துவிட்டு அங்கே போகலாம்.

யாருக்கு எது

வயதானவர்களும் பெண்களும் அதிகமுள்ள கூட்டம் என்றால் குடும்ப இடத்தையே எடுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் உங்கள் பக்கமிருந்து ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கும், உயர்தரம் முடித்த நண்பர் குழுவுக்கும் மூன்றாவது வகைதான் சரி. அலைச்சறுக்கு மட்டுமே நோக்கம், எல்லாரும் பெரியவர்கள் என்றால் 18க்கு மேல் என்ற இடம் பொருந்தும், ஆனால் இரவு விதி என்ன என்று தனியாகக் கேளுங்கள்.

முற்பணம் அனுப்புமுன் விதிகளைத் தமிழில் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் விதி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரவு யார் காவல், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஏதும் தவறாக நடந்தால் அழைக்க வேண்டிய 1929, அம்புலன்ஸுக்கான 1990 இரண்டையும் உங்கள் போனிலேயே பதிந்து வையுங்கள். நாளைத் தெரிவு செய்யும் வசதி இருந்தால் போயா (பௌர்ணமி விடுமுறை) இரவைப் பாருங்கள். அன்று மதுக்கடைகள் பூட்டு, பல இடங்களில் சத்தம் குறைவாக இருக்கும். முதல்நாளே வாங்கி வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு, அதனால் அன்றைக்கும் வோச்சர் இருப்பாரா என்பதைக் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.