புதன்கிழமைக் கூட்டத்துக்கு எந்த வீடியோ?

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் புதன்கிழமை இரவு நடக்கும். திங்களும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை என்பதால் துணி வியாபாரிகளுக்கு அதற்கு முன்னால் எந்த நாளும் ஒத்துவராது. வருகிற பத்துப் பன்னிரண்டு பேரும் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வேதபாடத்துக்கு வீடியோ போடலாம் என்று பேச்சு வந்ததும், வெளி சபைக்காரர் போதனையை நம் வீட்டில் போடலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

எனக்கு இந்தத் தயக்கமே கொஞ்சம் வேடிக்கை. பன்னீர்செல்வம் பூங்கா அருகே இருக்கும் எங்கள் ஆலயம் பிரப் என்ற ஆஸ்திரேலிய மிஷனரியின் பெயரைத் தாங்கியது. அவர் லண்டன் மிஷன்காரர். கரூர், தாராபுரம் பக்கம் ஊழியம் செய்தவர்கள் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். இவர்களோடு ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் என்று பல சபைகள் 1947இல் சேர்ந்ததுதான் நம் சபை. இதில் வெளி எது, உள் எது?

முதலில் போட்டது பைபிள் ப்ராஜெக்ட் என்ற வேதாகம வீடியோ வரிசை. டிம் மேக்கியும் ஜான் காலின்ஸும் 2014இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இலவசம், தமிழிலும் உண்டு. லேவியராகமம், எசேக்கியேல் என்று நாம் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிற புத்தகங்களுக்கு இதைவிட நல்ல வழித்துணையை நான் பார்த்ததில்லை. ஆனால் சபைக்குச் சபை வேறுபடும் விஷயம் வந்தால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் சண்டை வருவதோ அந்த இடத்தில்தான்.

அதற்கு நேர்மாறு ராபர்ட் பாரன். கத்தோலிக்க ஆயர், 2011இல் வந்த அவருடைய கத்தோலிக்கம் பற்றிய தொடர் பத்துப் பகுதிகள். பெயரைக் கேட்டதுமே ஓய்வுபெற்ற டீச்சரம்மா, “ஏனுங்க, இது ஆர்.சி. படமுங்களா?” என்றார். ஆமாம், ரோமன் கத்தோலிக்கம்தான் என்றேன். மகளைக் கருமத்தம்பட்டியில் ஆர்.சி. குடும்பத்தில் கட்டிக்கொடுத்தவர் அவர். மகள் வீட்டுத் திருவிவிலியத்தை அடுத்த வாரம் அவரே எடுத்துவந்தார். 1995இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் ‘தொடக்க நூல்’, யாத்திராகமம் ‘விடுதலைப் பயணம்’. நம்முடையதில் 66 புத்தகங்கள், அதில் 73. பாதிக் கூட்டம் அதைப் புரட்டிப் பார்ப்பதிலேயே கழிந்தது, நல்ல கழிவுதான். மரியாள் பற்றிய பகுதியில் ஒருவரும் உடன்படவில்லை. ஆனால் நாம் கேள்விப்பட்ட கத்தோலிக்க நம்பிக்கைக்கும் அவர்களே சொல்கிற நம்பிக்கைக்கும் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் இன்ன சபை, இதுதான் எங்கள் போதனை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவரிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிப்பது சுலபம். சபைப் பெயரே சொல்லாமல், வசனத்தைப் பாதியில் வெட்டி, காணிக்கை அனுப்பும் எண்ணோடு முடிக்கிற வீடியோக்கள்தான் எனக்குப் பயம். அவை நம் கைபேசிக்குத் தினமும் வருகின்றன. அவற்றை யாரும் வெளி சபை என்று தடுப்பதில்லை.

ஆர்.சி. ஸ்ப்ரௌல் என்ற பெயரைக் கேட்டு இன்னொரு பெரியவர் முகம் சுளித்தார். ஆர்.சி. என்பது அவருடைய முதலெழுத்து மட்டும். அசல் பிரஸ்பிட்டேரியன், விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் பற்றி ரோமன் கத்தோலிக்க சபையோடு வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர். 1971இல் லிகொனியர் என்ற ஊழியத்தைத் தொடங்கி, 2017இல் காலமானார். கரும்பலகை, சாக்பீஸ், ஒரு வாதம், அவ்வளவுதான் வகுப்பு. தேவனுடைய பரிசுத்தம் பற்றிய அவர் வகுப்புகள் நான் இங்கே சொல்லும் நான்கு வீடியோக்களில் கனமானவை. களைத்துப்போய் வருகிறவர்களுக்கு அந்தக் கனமே இடைஞ்சல். இரண்டாவது வாரம் விசைத்தறிக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

நான்காவது ஆல்ஃபா என்ற வகுப்பு, லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் ஆலயத்தில் பிறந்தது. சாப்பாடு, ஒரு பேச்சு, பிறகு கலந்துரையாடல். விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் செய்தது; ஞாயிறு பள்ளியிலிருந்தே ஆலயத்தில் வளர்ந்த எங்களுக்கு அது மிக மெல்லிய கஞ்சி.

இப்போதைக்கு என் தேர்வு இப்படி: ஒரு புத்தகத்தைத் தொடங்கும் வாரம் பைபிள் ப்ராஜெக்ட், மாதம் ஒருமுறை ஸ்ப்ரௌல், தைரியம் இருந்தால் பாரன். ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரம் மட்டும் தனி. குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரித்து ஸ்ப்ரௌலும், மறுத்து அவருடைய நண்பர் ஜான் மெக்கார்தரும் ஒரே மேடையில் வாதிட்டிருக்கிறார்கள். முதல் வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற திருப்பூர் மச்சானையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றுவிட்டார், ஆங்கிலத்தை மொழிபெயர்க்க மட்டும் நான் உட்காரக் கூடாதாம், இரண்டு சபைக்கும் பொதுவான ஆள் வேண்டுமாம். அப்படி ஒருவரை ஈரோட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.