லேப் ரிப்போர்ட் பொய்யில்லை, நான் ஏமாந்தது நிஜம்

கோவையில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் நான். வருஷத்துக்கு மூன்று நான்கு வேலை, அதற்கு மேல் எடுப்பதில்லை. போன ஐப்பசி மழையில், நான் கட்டிய ஒரு வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து ஒரு விட்ரிஃபைட் டைல்ஸ் கழன்று, கீழே நின்றிருந்த ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தது. இரண்டடிக்கு இரண்டடி, கிட்டத்தட்ட எட்டு கிலோ. விழுந்தது இரண்டாவது மாடி உயரத்திலிருந்து. ராத்திரி பதினொன்றரை மணி என்பதால் சீட்டோடு போயிற்று. காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்பது அதே இடத்தில்தான்.

மறுநாளே சாரம் கட்டி, சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். அந்தச் சுவரில் 140 டைல்ஸ். அறுபதுக்கு மேல் வெற்றுச் சத்தம். உளியை லேசாகக் கொடுத்ததுமே சில கையோடு வந்துவிட்டன. பின்பக்கம் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பசை முழுக்கச் சுவரிலேயே, பல் கரண்டி இழுத்த கோடு கூட அழியாமல் நின்றது.

அந்தப் பசையை நான் வாங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வழக்கமாக நான் வாங்கும் கம்பெனியின் அட்ஹெசிவ் அந்தச் சமயம் ஸ்டாக் இல்லை. தெரிந்த டீலர் ஒருவர், புதிதாக வந்த இன்னொரு சரக்கைக் காட்டினார். மூட்டைக்கு 130 ரூபாய் குறைவு. எனக்குத் தயக்கம்தான். உடனே டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஏனுங்கண்ணா, நான் சொன்னா நம்ப வேண்டாமுங்க, லேப் ரிப்போர்ட்டைப் பாருங்க" என்றார். தாளில் இரண்டு கட்டம் வரைந்திருந்தது. அவர் சரக்கு 1.6. நான் வழக்கமாக வாங்கும் சரக்கு 1.1. கீழே 'ஒட்டும் வலிமை, நியூட்டன்/சதுர மி.மீ.' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு ஆய்வகத்தின் ரிப்போர்ட் நகல், சீல், கையெழுத்து எல்லாம் சரியாக. விலையும் குறைவு, பலமும் ஒன்றரை மடங்கு. 60 மூட்டை சொல்லிவிட்டு வந்தேன்.

பதினைந்து வருஷமாகக் கான்கிரீட் க்யூப் (பலம் சோதிக்க வார்க்கும் கட்டி) ரிப்போர்ட் படிக்கிறவன் நான். இதை ஒரு தரம் கூட முழுசாகப் படிக்கவில்லை.

டைல்ஸ் விழுந்த பிறகு அந்த நகலை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முதலில் போலி ரிப்போர்ட் என்றுதான் நினைத்தேன். ஆய்வகத்துக்கே போன் செய்தேன். "எங்க ரிப்போர்ட்தான் சார், நம்பர் சரியா இருக்கு" என்றார்கள். 1.6 உண்மையான எண். நான் வழக்கமாக வாங்கும் சரக்கின் 1.1 என்பதும் உண்மையான எண்தான், அந்தக் கம்பெனியே வெளியிட்ட தகவல் தாளில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான் மோசடி.

சிமெண்ட் வகைப் பசைக்கு இழுவைச் சோதனை இப்படித்தான் நடக்கும். கான்கிரீட் பலகை மேல் பசையைப் பல் கரண்டியால் இழுத்து, 50 மி.மீ. சதுரமான சின்ன டைல்ஸ் துண்டுகளை ஒட்டுவார்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கிலோ எடையை அரை நிமிஷம் வைத்து எடுப்பார்கள். 28 நாள் கழித்து, துண்டின் மேல் இரும்புத் தலையை எபாக்சியால் ஒட்டி, மெஷினில் நேராக மேலே இழுப்பார்கள். 1.0 என்றால் அந்தச் சின்னத் துண்டைப் பிடுங்க 2,500 நியூட்டன், அதாவது சுமார் 255 கிலோ இழுவை வேண்டும்.

ஆனால் அந்த 28 நாளை எப்படிக் கழித்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 12004-ல் நான்கு விதம். 23 டிகிரி அறையில் சும்மா வைத்து இழுப்பது ஒன்று. ஒரு வாரம் காயவிட்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்த உடனே இழுப்பது இன்னொன்று. இரண்டு வாரம் காயவிட்டு, இரண்டு வாரம் 70 டிகிரி அடுப்பில் வைத்து இழுப்பது மூன்றாவது. உறைபனியில் 25 தடவை போட்டு எடுப்பது நான்காவது. மூட்டை மேல் 'சி2' என்று போட வேண்டுமானால் இந்த நான்கிலும் 1.0 வர வேண்டும். 'சி1' என்றால் 0.5 போதும்.

டீலர் காட்டிய 1.6, அறையில் சும்மா வைத்து இழுத்த எண். பக்கத்தில் வைத்த 1.1, மற்ற கம்பெனியின் சரக்கை அடுப்பில் வைத்து எடுத்த பிறகு வந்த எண். அதே தகவல் தாளில், இரண்டு வரி மேலே, அறையில் வைத்தது 1.7 என்று அச்சாகியிருக்கிறது. ஒரு பையன் நிழலில் நின்று ஓடியதையும், இன்னொருவன் உச்சி வெயிலில் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடியதையும் ஒரே பந்தயமாகக் காட்டிவிட்டார். அவர் சரக்கின் ரிப்போர்ட்டில் தண்ணீர் வரியும் இல்லை, சூட்டு வரியும் இல்லை. மூட்டை மேல் மட்டும் பெரிதாக 'சி2'.

அது மட்டும் இல்லை. ரிப்போர்ட்டில் சோதித்த டைல்ஸ், தண்ணீர் உறிஞ்சும் சாதாரண செராமிக். நான் ஒட்டியது விட்ரிஃபைட். அது தன் எடையில் அரை சதவீதம் கூடத் தண்ணீர் உறிஞ்சாது. உறிஞ்சும் டைல்ஸின் துளைகளுக்குள் சிமெண்ட் பால் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடில் பிடிக்கத் துளையே கிடையாது. அங்கே பிடிப்பைத் தருவது பசையில் கலந்திருக்கும் பாலிமர் பவுடர். மூட்டையில் விலை கூடின சமாச்சாரம் அதுதான், விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைப்பதும் அதைத்தான். குறைத்தால் அறையில் வைத்த எண் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சூட்டில் வைத்த எண் படுத்துவிடும். மேற்கு பார்த்த சுவருக்கு எந்த வரி முக்கியமோ அந்த வரிதான் ரிப்போர்ட்டில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 'மாதிரி விவரம்: டைல் அட்ஹெசிவ், வெள்ளை' என்று ரிப்போர்ட்டில் இருந்தது. நான் வாங்கிய 60 மூட்டையும் சாம்பல் நிறம். அடிக்குறிப்பில், மாதிரியைக் கொடுத்தது வாடிக்கையாளர், முடிவு கொடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. எல்லா ஆய்வகமும் போடுகிற வரிதான் அது, தப்பே இல்லை. கம்பெனி ஸ்பெஷலாகக் கலக்கிக் கொடுத்த ஒரு டப்பாவுக்கு வந்த 1.6, கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைக்குச் சொந்தமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டு என்று டீலர் அழுத்திச் சொன்னார். உண்டுதான். கம்பி, சிமெண்ட், கான்கிரீட் க்யூபுக்கு. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, சோதனை சோதனையாகத்தான் கொடுப்பார்கள். எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியலை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். டைல்ஸ் பசை அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

விடக்கூடாது என்று தோன்றியது. மீதி 11 மூட்டை பிரிக்காமல் இருந்தது. இரண்டைப் பிரித்து ஒன்றாகக் கலந்து, காற்றுப் புகாத டப்பாக்களில் போட்டேன். வழக்கமாக வாங்கும் சரக்கிலும் அதே மாதிரி எடுத்தேன். பெயர் எழுதாமல் '1', '2' என்று மட்டும் போட்டு, கோவையில் ஒரு ஆய்வகத்துக்கும் சென்னையில் ஒன்றுக்கும் அனுப்பினேன். விட்ரிஃபைட் துண்டில் அறை, தண்ணீர், சூடு மூன்றும் கேட்டேன். உறைபனியை விட்டுவிட்டேன், கோவையில் அதற்கு வழியில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அறை, தண்ணீர், சூடு என்ற வரிசையில் சொல்கிறேன். கோவை ஆய்வகத்தில் டீலர் சரக்கு 0.9, 0.6, 0.2. மற்றது 1.5, 1.0, 1.1. சென்னையில் டீலர் சரக்கு 0.6, 0.5, 0.2. மற்றது 1.8, 1.2, 1.0.

சூட்டில் 0.2. சி2-வை விடுங்கள், சி1-க்கே பாதி கூட இல்லை. அது எதிர்பார்த்ததுதான். எனக்கு வேறொரு இடத்தில் தலை சுற்றியது. ஒன்றாகக் கலந்து அனுப்பிய அதே பசை, அறையில் வைத்ததில் ஒரு இடத்தில் 0.9, இன்னொரு இடத்தில் 0.6. யார் தப்பு? சென்னை ஆய்வகத்தில் பேசியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் சரியா செஞ்சிருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வரலாம் சார்." கரண்டி பிடித்த கை, கலந்த தண்ணீர், பலகை எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது, தலையை நேராக ஒட்டினார்களா, மெஷின் எவ்வளவு வேகமாக இழுத்தது, எல்லாம் எண்ணில் ஏறும். பத்துத் துண்டை இழுத்தால் பத்தும் ஒன்று போல வராது. சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியதைத் தள்ளிவிட்டு மறுபடி சராசரி எடுக்க வேண்டும், ஐந்து துண்டாவது மிஞ்சவில்லை என்றால் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும் என்று தரமே சொல்கிறது. ஐரோப்பாவில் ஒரே பசையைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் எண்கள் இப்படித்தான் சிதறுகின்றன. கூட்டத்திலிருந்து ஒரு ஆய்வகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு இசட் ஸ்கோர் என்று ஒன்று போடுவார்கள். 2-க்குள் இருந்தால் பரவாயில்லை, 3-ஐத் தொட்டால் அந்த ஆய்வகம் தன் கையைச் சரிபார்க்க வேண்டும். சென்னைக்காரர் தங்கள் இசட் ஸ்கோர் தாளைக் கேட்டதும் அனுப்பினார். நான் முதலில் போன் செய்த ஆய்வகம், இந்தச் சோதனைக்கு அப்படி எதிலும் கலந்துகொண்டதில்லை என்று சொல்லிவிட்டது.

என் ரிப்போர்ட்டை மறுபடி பாருங்கள். இரண்டு ஆய்வகத்திலும் எண் வேறு வேறு, ஆனால் எந்தச் சரக்கு மேலே, எது கீழே என்பதில் சண்டை இல்லை. ஒரு ஆய்வகத்தின் 1.2-ஐ இன்னொரு ஆய்வகத்தின் 1.1-உடன் ஒப்பிட்டு இது அதைவிடப் பலம் என்று யாராவது சொன்னால், நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஒரே ஆய்வகம், ஒரே டைல்ஸ், ஒரே விதமாக ஊறவைத்தது அல்லது சூடாக்கியது, அப்போதுதான் பேச்சு. அலகையும் பாருங்கள். திருப்பூரில் நண்பர் ஒருவருக்கு 14 என்றும் 1.4 என்றும் காட்டிப் பத்து மடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்று கிலோ/சதுர செ.மீ., இன்னொன்று நியூட்டன்/சதுர மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம். நம் ஐ.எஸ். 15477 தரத்தில் பக்கவாட்டுத் தள்ளு விசைக்கும் ஒரு சோதனை உண்டு, அது கிலோநியூட்டனில் வரும். அந்த எண்ணை இழுவை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வேண்டிய மாயம் காட்டலாம். ரிப்போர்ட்டில் 'எங்கே விட்டது' என்ற வரியும் இருக்க வேண்டும். பசைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் விட்டதா, பசைக்குள்ளேயே பிளந்ததா, கான்கிரீட்டே பெயர்ந்ததா? கான்கிரீட் பெயர்ந்து 1.3 என்றால் பசை அதைவிடப் பலம் என்று அர்த்தம். அந்த வரியே இல்லாத ரிப்போர்ட்டை நான் இப்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

"எட்டு கிலோ டைல்ஸைத் தாங்க 0.2 போதாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டால் அந்த அளவு டைல்ஸுக்கு 0.2 என்பதே ஏழு டன். எடை இங்கே பிரச்சினையே இல்லை. மத்தியானம் மேற்கு வெயிலில் டைல்ஸ் விரிகிறது, மழை அடித்ததும் சட்டென்று சுருங்குகிறது, பின்னால் இருக்கும் சுவர் அதே வேகத்தில் அசைவதில்லை. தினமும் அந்த இழுபறியை வாங்கிக்கொள்வது பசைதான். ஓரத்தில் விரல் அகலம் விட்டால் போதும், அங்கிருந்து உள்ளே பரவும்.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கரண்டிக் கோடு அழியாமல் நின்றது என்றேன் இல்லையா, அது பசையின் குற்றம் மட்டும் இல்லை. மத்தியான வெயிலில், காற்றில், சுவரில் பசையைப் பெரிய பரப்புக்கு இழுத்துவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்கிறார். மேலே ஏடு படிந்துவிட்டது. அதன் மேல் ஒட்டினால் எந்த உயர்ந்த பசையும் டைல்ஸை நனைக்காது. டைல்ஸின் பின்னாலும் பசை பூசச் சொல்லியிருந்தேன், பாதியில் நின்றுவிட்டது. டீலர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "மேஸ்திரி வேலைங்கண்ணா இது, சரக்கு என்ன பண்ணும்?" காலை நிழலில் அதே மேஸ்திரி ஒழுங்காக ஒட்டிய வரிசைகளிலும் பாதி வெற்றுச் சத்தம் கேட்கிறதே என்றேன். பதில் இல்லை.

பிரிக்காத ஒன்பது மூட்டைக்கு மட்டும் காசைத் திருப்பிக் கொடுத்தார். வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் என்ற கணக்கில் நான் வருவதே சிரமம் என்றார். வீட்டுக்காரர் என் மேல் போட்டால் தாராளமாக நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். முழுச் சுவரையும் பெயர்த்து, சாரம், புது டைல்ஸ், கூலி என்று 1,85,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. மூட்டைக்கு 130 ரூபாய் வீதம் நான் மிச்சம் பிடித்தது 7,800.

போன வாரம் ஸ்பேசர் (டைல்ஸுக்கு நடுவில் இடைவெளிக்கு வைக்கும் துண்டு) வாங்க வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு இளம் தம்பதி, பாத்ரூம் டைல்ஸுக்குப் பசை கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள். டிராயரிலிருந்து அதே தாள் வெளியே வந்தது. இப்போது லேமினேட் செய்திருக்கிறார், 1.6 மட்டும் சிவப்பில். "சூட்டு வரி எங்கேன்னு கேளுங்க" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். டீலர் என்னைப் பார்த்தார். ஸ்பேசர் பாக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை.