கண்ணாடிச் சட்டமா, அலுமினியத் தகடா? பழைய போர் விமானப் படங்களுக்கு எது ஏற்றது

என் படிப்பறைச் சுவரில் மூன்று பழைய போர் விமானப் படங்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு மாற்றினேன். ஒரே சுவரில், ஒரே படங்களை இரு விதமாகவும் வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்வதானால், என் மனம் தகட்டின் பக்கமே சாய்கிறது.

கேன்வாஸ் துணியில் அச்சிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிவெட் வரிசை, ஆன்டெனாக் கம்பி, வால் பகுதியின் எண்கள் ஆகியவையே இத்தகைய படங்களின் உயிர்; துணியின் நெசவு அவற்றை மங்கலாக்கிவிடும். விலையில் தகடு கூடுதல்தான் என்றாலும், கண்ணாடி, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை, சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி வெகுவாகக் குறைகிறது. எடையில் தகட்டுக்கே வெற்றி: 60-க்கு 90 செ.மீ. அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்றரை கிலோவைச் சிறிது தாண்டும்; அதே அளவில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 2.7 கிலோ.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். சட்டமிட்ட படம் மூடிய பெட்டியைப் போன்றது. காற்றின் ஈரம் அதற்குள் மெல்லப் புகுந்துவிடும். ஆனால் எளிதில் வெளியேறாது. ஈரத்தை உறிஞ்சிய காகிதம் விரியும், காயும்போது சுருங்கும், சில சுழற்சிகளுக்குப் பின் அலையலையாக நெளிந்துவிடும். அப்படி நெளிந்த என் படங்களில் ஒன்று கண்ணாடியைத் தொட்டு, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. பிரிக்க முயன்றபோது ஓர் இறக்கையின் நுனி கண்ணாடியோடு போய்விட்டது. இன்னொன்றின் மவுண்ட் அட்டையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மூன்றாவதன் ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. தவறு என்னுடையதும்தான்: கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே படத்தின் மீது தெளித்துவந்தேன். அது வழிந்து, சட்டத்தின் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, அட்டையில் ஊறியிருந்தது. அமிலமற்ற அட்டையும், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே போதிய இடைவெளியும், பின்பக்கத்தை அடைத்து ஒட்டிய தாளும் இருந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் அத்தனை கவனமும் ஒவ்வொரு சட்டத்துக்கும், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் தேவைப்படுகிறது.

தகட்டில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை. சப்ளிமேஷன் முறையில், படத்தை முதலில் ஒரு மாற்றுத்தாளில் இடவலமாகத் திருப்பி அச்சிட்டு, பூச்சிட்ட அலுமினியத்தின் மீது வைத்துச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நெளியக் காகிதமும் இல்லை, ஈரம் தங்கக் கண்ணாடியும் இல்லை. பின்புறச் சட்டகம் தகட்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால், சுவரின் ஓதமும் அதை நேரடியாகத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை இலேசாக நனைத்துத் துடைக்கிறேன், வேறொன்றும் செய்வதில்லை.

தகட்டைத் தேர்ந்தெடுப்பவர் அடுத்து யோசிக்க வேண்டியது அடிப்பூச்சைப் பற்றி. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடிப்பூச்சுள்ள தகட்டில் அந்தப் பூச்சே படத்தின் வெண்மையாகிறது. நிறமற்ற பூச்சானால் வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியமே மின்னும். 1944 முதல் அமெரிக்க ராணுவ விமானங்கள் பெருமளவில் வண்ணம் பூசாமலே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. அக்காலத்து பி-51 மஸ்டாங் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படத்தை நிறமற்ற பூச்சில் அச்சிட்டேன். அந்த விமானத்தின் உடல் வெற்று அலுமினியம். இறக்கைகளோ காற்று வழுவழுப்பாக ஓடுவதற்காக இணைப்பு வரிகளை நிரப்பி வெள்ளி வண்ணம் பூசப்பட்டவை. காகிதத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தன. தகட்டில், உடலின் ஒவ்வொரு பலகமும் தனித்தனி ஒளியோடு நிற்க, இறக்கை மட்டும் ஒரே சீரான பரப்பாக அமைதியாகக் கிடக்கிறது. அறையில் நடந்தால் அந்த ஒளியும் கூடவே நகர்கிறது. இந்தப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரப்பு இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில் முதல் உலகப் போர்க்கால இரட்டை இறக்கை விமானத்தின் படத்தையும் அதே பூச்சில் அச்சிடக் கொடுத்தது பிழை. மரச்சட்டத்தின் மீது துணி போர்த்திக் கட்டிய விமானம் தகரத்தால் செய்ததுபோல் தோன்றியது. வானமும் ஈயம் பூசியதுபோல் ஆயிற்று. அதை வெள்ளை அடிப்பூச்சில் மறுபடி அச்சிட்டேன். மூன்றாவது படம் 1942 அக்டோபரில் லாங் பீச்சின் டக்ளஸ் ஆலையில், பி-17 குண்டுவீச்சு விமானத்தைப் பெண் தொழிலாளர்கள் பொருத்துவதை ஆல்ஃபிரட் பால்மர் கோடாக்ரோம் வண்ண ஃபிலிமில் எடுத்தது. மனித முகங்கள் உள்ள படத்துக்கு வெள்ளை அடிப்பூச்சே சரி.

பளபளப்பைப் பொறுத்தவரை, மினுக்கம் இல்லாத மேட் பரப்பையே பரிந்துரைக்கிறேன். சன்னலுக்கு எதிரே மாட்டிய பளபளப்பான தகடு கண்ணாடியைப் போலவே அறையை எதிரொளிக்கும். மஸ்டாங்கின் மூக்கின் மேற்புறத்தில் விமானியின் கண் கூசாதிருக்க அடர்நிறப் பட்டை பூசியிருப்பார்கள். படத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டிய அந்தப் பட்டையின் மீதே சன்னலின் பிம்பம் விழுந்தால் பார்க்கச் சகிக்காது. அடர்நிறம் சற்று ஆழம் குறைந்து தெரிவது மேட் பரப்பின் விலை.

தகட்டுக்கும் குறைகள் உண்டு. கீறல் விழுந்தாலோ மூலை மடங்கினாலோ சரிசெய்ய வழியில்லை. முழுவதையும் மீண்டும் அச்சிட வேண்டும். மட்டமான ஸ்கேனை அதன் வழவழப்பு இரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும். 4-க்கு 5 அங்குல நெகட்டிவை அங்குலத்துக்கு 2,000 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் நீளப் பக்கத்தில் 10,000 புள்ளிகள் கிடைக்கும், 90 செ.மீ. அச்சுக்கு அது தாராளம். நேரடி வெயில் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால் வெயில் படாத சுவரில்தான் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் நிறம் மாறியதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் உறுதி சொல்லும் அளவுக்கு என் அனுபவம் நீளவில்லை.

அக்காலத்திலேயே அச்சிட்ட அசல் படம் கையில் இருந்தால் இந்தப் போட்டிக்கே அதைக் கொண்டுவரக் கூடாது. இரட்டை இறக்கை விமானத்தின் அசல் படம் என்னிடம் உள்ளங்கை அளவில் இருக்கிறது. அமிலமற்ற உறையில், அலமாரியின் இருட்டில். சுவரில் இருப்பது அதன் ஸ்கேன்.